பயங்கரவாதத்துக்கு எதிராகப் படைபலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் அரசு, வேறொரு நாட்டு மண்ணில் இருக்கும் பயங்கரவாத அமைப்பின் மீதோ, அதற்கு இடம் கொடுக்கும் அரசின் மீதோ குண்டு வீசுவது பற்றியும் படை அனுப்புவது பற்றியும் இங்கே பேசுகிறோம். உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவுடையவை. இந்த வழியை அதிகம் கையாண்ட நாடு அது. பிறகு விசாரணை வைத்து, எங்கே சறுக்கியது என்று ஆவணங்களை வெளியிட்டதும் அதுதான். இந்தியா பற்றித் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

இதை ஏன் "வெளியுறவுக் கொள்கை" என்கிறார்கள்? நேராகப் போர் என்று சொன்னால் என்ன?

போரில் எதிரியின் படையை முறியடிப்பதுதான் நோக்கம். இங்கே பெரும்பாலும் மூன்றாவது ஒருவரின் மனத்தை மாற்றப் பார்க்கிறார்கள்: இடம் கொடுக்கும் அரசு, பணம் கொடுக்கும் அரசு, கண்டும் காணாமல் இருக்கும் அரசு. குண்டு விழுவது முகாமில், செய்தி போவது தலைநகருக்கு.

அதனால் முதலில் கேட்க வேண்டியது, இந்தத் தாக்குதல் எந்த வேலைக்கு என்பதுதான். தண்டிப்பதற்கா, அடுத்த தாக்குதலைத் தடுப்பதற்கா, தலைவரைக் கொல்வதற்கா, முகாம்களை இல்லாமல் செய்வதற்கா, அரசையே மாற்றுவதற்கா? ஒவ்வொன்றுக்கும் தேவையான படை வேறு, காலம் வேறு. அரசுகள் உரையில் ஐந்தையும் சொல்லிவிட்டு, முதலாவதற்குப் போதுமான படையை மட்டும் அனுப்புகின்றன. கீழே வரும் கோளாறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகின்றன.

சர்வதேசச் சட்டம் இதை அனுமதிக்கிறதா?

ஐ.நா. சாசனத்தின் 2(4) பிரிவு, பிற நாட்டின் மீது படைபலம் பயன்படுத்தக் கூடாது என்கிறது. விலக்கு இரண்டு: பாதுகாப்பு சபையின் அனுமதி, 51-வது பிரிவின்படி தற்காப்பு. தற்காப்பு என்று சொல்லும் நாடு, எடுத்த நடவடிக்கையை உடனே பாதுகாப்பு சபைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தை யாரும் படிப்பதில்லை என்று நினைக்காதீர்கள். பின்னாளில் எந்த வாதத்தைப் பேசலாம், எதைப் பேச முடியாது என்பது அந்த ஒன்றிரண்டு பக்கத்திலேயே முடிவாகிவிடும். 2001 அக்டோபர் 7 அன்று ஆப்கானிஸ்தானில் முதல் குண்டு விழுந்த நாளிலேயே அமெரிக்காவின் கடிதம் போய்ச் சேர்ந்தது.

சிக்கல் எங்கே வருகிறது? தாக்கியது ஓர் அமைப்பு, குண்டு விழுவது ஒரு நாட்டின் மண்ணில். அந்த நாடு தாக்குதலுக்கு உத்தரவிட்டிருக்காது. இந்த இடைவெளியை நிரப்ப அமெரிக்காவும் வேறு சில நாடுகளும் ஒரு வாதம் வைத்திருக்கின்றன: அந்த அரசுக்கு அமைப்பை அடக்க மனமில்லை, அல்லது வலுவில்லை, எனவே நாங்களே செய்கிறோம். பல நாடுகள் இதை ஏற்பதில்லை. தீர்ந்துபோன சட்டக் கேள்வி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நடைமுறையில் சட்டத்தை விட, யார் யாருக்கு நண்பர் என்பது பேசுகிறது. 1985 அக்டோபர் 1 அன்று துனிஸ் அருகே பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைமையகத்தை இஸ்ரேல் தாக்கியபோது, பாதுகாப்பு சபை 573-வது தீர்மானத்தில் கண்டித்தது; ஆதரவு 14, எதிர்ப்பு இல்லை, அமெரிக்கா மட்டும் ஒதுங்கி நின்றது. ஆறு மாதம் கழித்து லிபியாவை அமெரிக்காவே தாக்கியபோது, கண்டனத் தீர்மானத்தை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் வீட்டோ செய்தன. பொதுச்சபையில் அதே கண்டனம் 79-க்கு 28 என்று நிறைவேறியது.

உத்தரவு போடுவதற்கு முன் என்னென்ன முடிந்திருக்க வேண்டும்?

முதலில், யார் செய்தது என்ற ஆதாரம். நீதிமன்றத்தில் நிற்கும் ஆதாரமும், ஜனாதிபதி முடிவெடுக்கப் போதுமான ஆதாரமும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு ஒட்டுக்கேட்ட ஒரு செய்தி போதும். ஆனால் அதை வெளியே சொன்னால், எதிரி தன் தொடர்பு முறையை மாற்றிக்கொள்வான். சொல்லாவிட்டால் உலகம் நம்பாது. 1986-ல் லிபியாவைத் தாக்கியபோது அமெரிக்க ஜனாதிபதி ரீகன், லிபியத் தலைநகர் திரிப்போலிக்கும் கிழக்கு பெர்லின் லிபியத் தூதரகத்துக்கும் இடையே போன செய்திகளைத் தொலைக்காட்சி உரையிலேயே குறிப்பிட்டார்.

அடுத்து இலக்குப் பட்டியல். தலைப்பில் "பயங்கரவாத முகாம்" என்று இருந்தாலும், பட்டியலில் இருக்க வேண்டியது அட்சரேகை, தீர்க்கரேகை, கட்டடத்தின் உயரம், கூரை கான்கிரீட்டா தகரமா, அக்கம்பக்கத்தில் பள்ளியோ மருத்துவமனையோ உண்டா என்பவை. இந்தத் தகவல் பழசானால் என்ன ஆகும் என்பதற்கு 1999 மே 7 சாட்சி. பெல்கிரேடில் யூகோஸ்லாவிய ஆயுதக் கொள்முதல் அலுவலகம் என்று அமெரிக்க உளவுத்துறை குறித்துக் கொடுத்த இடத்தில் இருந்தது சீனத் தூதரகம். மூவர் இறந்தனர். குண்டுகள் குறி தவறவில்லை. கொடுத்த இடத்தில்தான் விழுந்தன.

மூன்றாவது வான்வழி. நடுவில் இருக்கும் நாடுகள் தங்கள் வானில் பறக்க அனுமதி கொடுக்க வேண்டும். கேட்டாலே ரகசியம் கசியும், கேட்காமல் போனால் உறவு கெடும். பாதை மாறினால் எரிபொருள் நிரப்பும் விமானம், விமானியின் களைப்பு, மீட்புக் குழு எல்லாமே மாறும்.

பிறகு பொதுமக்கள் சேதக் கணிப்பு, சட்ட ஆலோசகரின் ஒப்புதல், தாக்குதலுக்குச் சில நிமிடம் முன்னோ பின்னோ யார் யாருக்குத் தொலைபேசி என்ற பட்டியல், எதிரி பதிலடி கொடுத்தால் நம் தூதரகங்களுக்கு என்ன பாதுகாப்பு என்ற ஏற்பாடு. கடைசியாகச் சொன்னதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

1986-ல் லிபியா மீது நடந்த தாக்குதல் பலன் தந்ததா?

பலரும் வெற்றிக்கு உதாரணமாகக் காட்டுவது இதைத்தான். கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

1986 ஏப்ரல் 5 அன்று மேற்கு பெர்லினில், அமெரிக்க வீரர்கள் கூடும் லா பெல் நடன விடுதியில் குண்டு வெடித்தது. மூவர் இறந்தனர், 200-க்கும் அதிகமானோர் காயமடைந்தனர். பத்து நாளில் பதிலடி. பிரான்சும் ஸ்பெயினும் வான்வழி தர மறுத்தன. இங்கிலாந்தின் லேக்கன்ஹீத் தளத்திலிருந்து கிளம்பிய எஃப்-111 விமானங்கள் ஐரோப்பாவின் மேற்கு ஓரமாகக் கடலைச் சுற்றி, ஜிப்ரால்டர் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் நுழைய வேண்டியிருந்தது. போக வர சுமார் 10,000 கிலோமீட்டர், 13 மணி நேரத்துக்கு மேல். வழியில் பலமுறை வானிலேயே எரிபொருள் நிரப்பினார்கள். இரண்டு விமானிகள் பக்கத்தில் பக்கத்தில் குறுக்கிக்கொண்டு உட்காரும் விமானம் அது. ஆறேழு மணி நேரம் அப்படி உட்கார்ந்த பிறகு, நள்ளிரவு 2 மணிக்கு, தாழப் பறந்து குறி பார்க்க வேண்டும்.

பொதுமக்கள் சாகக் கூடாது என்பதற்காக ஒரு விதி: குறிபார்க்கும் கருவிகள் முழுதாக வேலை செய்து, இலக்கு உறுதியானால் மட்டுமே குண்டு போடலாம். நல்ல விதிதான். ஆனால் அவ்வளவு தூரம் அதிர்ந்து வந்த கருவிகளில் பல பழுதாகியிருந்தன. லிபியத் தலைவர் கடாஃபியின் அஸீஸியா முகாமுக்கு ஒதுக்கிய ஒன்பது விமானங்களில் பெரும்பாலானவை குண்டு போடாமல் திரும்பின, அல்லது குறி தவறின. ஒன்றின் குண்டுகள் பிரெஞ்சுத் தூதரகம் அருகே விழுந்தன. ஒரு விமானம் இரு விமானிகளோடு கடலில் போனது. லிபியாவில் பொதுமக்களும் இறந்தனர். இரண்டு விமானம்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பியவை பெங்காசிப் பக்கம் தாக்கின. மொத்தம் சுமார் 12 நிமிடம்.

பிறகு? ஏப்ரல் 17 அன்று, அதாவது இரண்டே நாளில், லெபனானில் பணயமாக இருந்த ஓர் அமெரிக்கரும் இரு பிரிட்டிஷ்காரர்களும் பழிக்குப் பழியாகக் கொல்லப்பட்டனர். 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி வானில் அமெரிக்கப் பயணிகள் விமானம் பான் ஆம் 103 வெடித்து 270 பேர் இறந்தனர். 1989 செப்டம்பரில் பிரான்சின் யூ.டி.ஏ. 772 விமானம் சஹாராவில் வெடித்து 170 பேர். இரண்டு வழக்கிலும் லிபிய உளவுத்துறையினரே குற்றவாளிகள் என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. "தாக்குதலுக்குப் பிறகு கடாஃபி அடங்கிவிட்டார்" என்பவர்கள் இந்த 440 பேரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்படியானால் கடாஃபி கடைசியில் மாறியது எதனால்?

மெதுவான, அலுப்பூட்டும் வேலையால். லாக்கர்பிக்குப் பதிலடியாக இம்முறை போர் விமானம் அனுப்பவில்லை. வயல்களில் சிதறிய துண்டுகளைப் பொறுக்கி, துணியும் சர்க்யூட் பலகையும் எங்கிருந்து வந்தன என்று தேடி, இரு லிபியர் மீது குற்றப்பத்திரிகை போட்டார்கள். பாதுகாப்பு சபை 1992-ல் 748-வது தீர்மானத்தில் விமானப் போக்குவரத்தையும் ஆயுத விற்பனையையும் தடுத்தது. 1993-ல் 883-வது தீர்மானம் லிபியாவின் வெளிநாட்டுப் பணத்தையும் எண்ணெய் உபகரணங்களையும் பிடித்தது. 1999 ஏப்ரலில் கடாஃபி இருவரையும் ஒப்படைத்தார். நெதர்லாந்தில், ஸ்காட்லாந்து சட்டப்படி விசாரணை நடந்து, 2001-ல் ஒருவருக்குத் தண்டனை, மற்றவருக்கு விடுதலை.

லாக்கர்பியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு லிபியா இழப்பீடு தர ஒப்புக்கொண்ட 2003 உடன்பாட்டின் கட்டமைப்பைக் கவனியுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு கோடி டாலர் வரை. ஆனால் மூன்று தவணை: ஐ.நா. தடை நீங்கினால் 40 லட்சம், அமெரிக்கத் தடை நீங்கினால் இன்னொரு 40 லட்சம், பயங்கரவாத ஆதரவு நாடுகள் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டால் மீதி 20 லட்சம். இன்னது செய்தால் இன்னது கிடைக்கும் என்று இரு தரப்புக்கும் எழுத்தில் இருந்தது. 1986-ல் அப்படி எதுவுமே இல்லை. கடாஃபி என்ன செய்தால் குண்டு நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை.

படைபலத்துக்குப் பங்கே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. 2003 டிசம்பரில் கடாஃபி பேரழிவு ஆயுதத் திட்டத்தைக் கைவிட்ட சமயம், பக்கத்தில் இராக் வீழ்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பயமும் கணக்கில் இருந்திருக்கும். எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

1998-ல் அல்-காய்தா தலைவர் பின் லேடனை ஏவுகணையால் தாக்கியும் ஏன் தப்பித்தார்?

ஆகஸ்ட் 7 அன்று நைரோபி, தார்-எஸ்-சலாம் அமெரிக்கத் தூதரகங்களில் அல்-காய்தா வைத்த குண்டுகள் வெடித்து 224 பேர் இறந்தனர். அதில் அமெரிக்கர் 12 பேர். மற்றவர்கள் பெரும்பாலும் கென்ய மக்கள். ஆகஸ்ட் 20 அன்று ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் அருகே இருந்த முகாம்கள் மீதும், சூடானில் கார்ட்டூம் வடக்கில் அல்-ஷிஃபா மருந்துத் தொழிற்சாலை மீதும் டோமஹாக் ஏவுகணைகள் பாய்ந்தன.

டோமஹாக் ஒலியை விட மெதுவாகப் போகும். உத்தரவு, கப்பலில் தயாரிப்பு, பறக்கும் நேரம் எல்லாம் சேர்ந்து சில மணி நேரம் ஆகும். பின் லேடன் "இப்போது இங்கே இருக்கிறார்" என்ற தகவல் பயன்படாது. "இன்று மாலையும் இங்கேயே இருப்பார்" என்று யாராவது சொல்ல வேண்டும். கட்டடத்தைத் தாக்க ஏற்ற ஆயுதம், நடமாடும் மனிதருக்குச் சரிப்படாது. முகாம்களில் 20 முதல் 30 பேர் இறந்தனர். பின் லேடன் சில மணி நேர வித்தியாசத்தில் தப்பியிருக்கலாம் என்பது அன்றைய உளவுத்துறையின் ஊகம். இறந்தவர்களில் காஷ்மீருக்கு ஆள் அனுப்பிவந்த ஹர்கத்-உல்-முஜாஹிதீன் ஆட்களும் உண்டு.

இன்னொரு நுணுக்கம். ஏவுகணைகள் பாகிஸ்தான் வானைக் கடந்துதான் போக வேண்டும். மூன்று மாதம் முன்புதான் இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டு சோதித்திருந்தன. ராடாரில் திடீரென்று ஏவுகணைகளைப் பார்த்தால் இஸ்லாமாபாத் யாரைச் சந்தேகிக்கும்? முன்கூட்டிச் சொன்னால் ஆப்கானிஸ்தானை ஆண்டுவந்த தலிபானுக்குத் தகவல் போய்விடும் என்ற பயம் வேறு. அதனால் அமெரிக்கத் தளபதி ஜோசப் ரால்ஸ்டன், பாகிஸ்தான் ராணுவத் தளபதி ஜஹாங்கீர் கராமத்தோடு இஸ்லாமாபாதில் இரவு உணவில் உட்கார்ந்திருந்தார். ஏவுகணைகள் தலைக்கு மேல் போகும் நேரத்தில், "இவை எங்களுடையவை, இந்தியாவுடையவை அல்ல" என்று சொல்வதற்காக. வெடிக்காத ஒன்று பலுசிஸ்தானில் விழுந்து பாகிஸ்தான் கைக்குப் போனது. அது இலவச இணைப்பு.

மருந்துத் தொழிற்சாலைக்கு வருவோம். அருகே எடுத்த மண்ணில் வி.எக்ஸ். நச்சு வாயுவுக்கான மூலப்பொருள் இருந்தது என்பதே முக்கிய ஆதாரம். எடுத்த விதம், எடுத்த இடம், வேறு விளக்கம் உண்டா என்ற எல்லாமே பிறகு கேள்விக்குள்ளாயின. அங்கே நச்சு வாயு தயாரித்தார்கள் என்பது நிறுவப்படவே இல்லை. சூடானுக்கு மருந்து கொடுத்துவந்த பெரிய தொழிற்சாலை அது.

ராஜதந்திரப் பக்கமும் அடி வாங்கியது. பின் லேடனை ஒப்படைக்கச் சொல்லி சவூதி உளவுத்தலைவர் துர்கி அல்-ஃபைசல் ஜூனில் தலிபான் தலைவர் முல்லா ஒமரைப் பார்த்திருந்தார். தாக்குதலுக்குப் பிறகு செப்டம்பரில் மறுபடி போனபோது ஒமர் கோபமாகக் கூச்சலிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒப்படைக்கும் எண்ணம் ஒமருக்கு முன்பே இருந்ததா என்பது வேறு கேள்வி. மறுப்பதற்கு நல்ல சாக்கு கிடைத்தது என்பது நிச்சயம்.

அதன் பிறகு ஏன் மீண்டும் முயலவில்லை?

முயலப் பார்த்தார்கள். 1998 டிசம்பரில் காந்தஹார், 1999 பிப்ரவரியில் ஹெல்மந்த் பாலைவனத்து வேட்டை முகாம், மே மாதம் மறுபடி காந்தஹார் என்று தகவல் வந்துகொண்டிருந்தது. ஒரு இடத்தில் பொதுமக்கள் சேதம் கைவைக்க விடவில்லை. இன்னொரு இடத்தில் ஐக்கிய அரபு அமீரக அரச குடும்பத்தினர் இருக்கலாம் என்ற சந்தேகம். மே மாதம் பெல்கிரேடு தவறு நடந்து சில வாரம்தான். உளவுத்துறையின் சொல்லுக்கு மதிப்பில்லாத நேரம். ஒருமுறை வெறும் கையோடு திரும்பிய தாக்குதல், அடுத்த தாக்குதலுக்கான ஆதார வரம்பை உயர்த்திவிடுகிறது. 2000 அக்டோபரில் ஏடன் துறைமுகத்தில் யு.எஸ்.எஸ். கோல் கப்பலில் 17 மாலுமிகள் இறந்தபோது, ராணுவப் பதிலடி எதுவும் வரவில்லை.

2001 ஆப்கானிஸ்தான் வெற்றியா, தோல்வியா?

இரண்டு வேலைகளாகப் பிரித்தால் பதில் எளிது.

செப்டம்பர் 11 தாக்குதலை நடத்திய அல்-காய்தாவின் முகாம்களை இல்லாமல் செய்வது முதல் வேலை. அதற்கு முன் தெளிவான கோரிக்கை இருந்தது: தலைவர்களை ஒப்படை, முகாம்களை மூடு, மூடியதைப் பார்க்க விடு. பாதுகாப்பு சபை 1999-லேயே 1267-வது தீர்மானத்தில் பின் லேடனை ஒப்படைக்கச் சொல்லியிருந்தது. தலிபான் மறுத்தது. அக்டோபர் 7-ல் தொடங்கி நவம்பர் 13-ல் காபூல், டிசம்பர் முதல் வாரத்தில் காந்தஹார். தரையில் சண்டையிட்டது பெரும்பாலும் தலிபானை எதிர்த்த ஆப்கன் படைகளான வடக்குக் கூட்டணி. அமெரிக்கா கொடுத்தது விமானம், பணம், இலக்கைச் சுட்டிக்காட்டும் சிறு குழுக்கள். ஒரு நாடே பயிற்சிக் களமாக இருந்த நிலை சில வாரங்களில் முடிந்தது. படைபலம் தவிர வேறெதுவும் இதைச் செய்திருக்காது.

அதே சிக்கனம், பின் லேடன் பதுங்கியிருந்த தோரா போரா மலைப்பகுதியில் காலை வாரியது. 2001 டிசம்பரில் அங்கே இருந்த அமெரிக்கச் சிறப்புப் படையினர் 100 பேருக்கும் குறைவு. மலைப்பாதைகளை அடைக்கும் வேலை உள்ளூர்ப் போராளிகளிடமும் எல்லைக்கு அப்பால் பாகிஸ்தான் படையிடமும் விடப்பட்டது. விமானத்திலிருந்து 15,000 பவுண்டு குண்டு போடலாம். கணவாயில் நின்று ஆளை மறிக்க முடியாது. பின் லேடன் போய்விட்டார்.

புதிய அரசை நிற்க வைப்பது இரண்டாவது வேலை. அதற்கு 20 ஆண்டு, 2,400-க்கும் அதிகமான அமெரிக்க வீரர்களின் உயிர், ஆப்கன் தரப்பில் அதைப் போலப் பல மடங்கு. 2021 ஆகஸ்ட் 15 அன்று தலிபான் மறுபடி காபூலில். முதல் வேலைக்கு வாங்கிய ஆதரவை வைத்து, விவாதமே இல்லாமல் இரண்டாவதற்குள் நுழைந்ததுதான் பிழை என்பது எங்கள் கருத்து.

ட்ரோன்கள் இந்தச் சிக்கல்களைத் தீர்த்துவிட்டனவா?

நேரச் சிக்கலைத் தீர்த்தன. மணிக்கணக்கில் வட்டமிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்து, ஏவினால் ஒரு நிமிடத்துக்குள் வெடிக்கும் ஆயுதம் 1998-ல் இல்லை. ட்ரோனிலிருந்து ஏவும் ஹெல்ஃபயர் ஏவுகணையின் வெடிமுனை சுமார் 9 கிலோதான். டோமஹாக்கில் 450 கிலோ. போர்க்களத்துக்கு வெளியே முதல் தாக்குதல் 2002 நவம்பரில் ஏமனில்; பாகிஸ்தானில் 2004 ஜூனில் தெற்கு வஜீரிஸ்தானில்.

யார் அங்கே இருக்கிறார் என்ற சிக்கலைத் தீர்க்கவில்லை. 2021 ஆகஸ்ட் 29, காபூல். மூன்று நாள் முன்பு விமான நிலைய வாசலில் ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) அமைப்பின் குண்டுவெடிப்பில் 13 அமெரிக்கப் படையினரும் சுமார் 170 ஆப்கானியரும் இறந்திருந்தனர். இன்னொன்று வரும் என்ற எச்சரிக்கை. வெள்ளை டொயோட்டா கொரோலா ஒன்றை ட்ரோன் சுமார் எட்டு மணி நேரம் பின்தொடர்ந்தது. ஆட்கள் ஏறி இறங்கினார்கள், கேன்களை ஏற்றினார்கள். வெடிபொருள் என்று நினைத்தார்கள், தண்ணீர் கேன்கள். ஓட்டியவர் ஓர் அமெரிக்க உதவி நிறுவனத்தின் ஊழியர். வீட்டு வாசலுக்குள் வண்டி நுழைந்ததும் ஏவுகணை. பத்துப் பேர் இறந்தனர், ஏழு பேர் குழந்தைகள். ஏவுவதற்கு இரண்டு நிமிடம் முன் பதிவான காட்சியில் ஒரு குழந்தை தெரிந்தது என்று விமானப்படை விசாரணை பிறகு சொன்னது. முதலிலேயே சந்தேகத்தை முடிவாக்கிக்கொண்டு, பார்த்ததை எல்லாம் அதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள் என்பது அதே விசாரணையின் முடிவு. எட்டு மணி நேரம் பார்த்தது தவறைக் குறைக்கவில்லை, நம்பிக்கையைக் கூட்டியது.

எண்ணிக்கைகளில் எச்சரிக்கை தேவை. 2009 முதல் 2015 வரை, போர்க்களங்களுக்கு வெளியே 473 தாக்குதல்களில் 64 முதல் 116 பொதுமக்கள் இறந்ததாக அமெரிக்க அரசு 2016-ல் அறிவித்தது. வெளியிலிருந்து கணக்கெடுத்தவர்களின் எண்கள் இதை விட அதிகம். இறந்தவர் போராளியா என்று யார், எந்த ஆதாரத்தில் தீர்மானித்தார் என்பதைப் பொறுத்து எண் மாறும்.

தலைவரைக் கொன்றால் அமைப்பு சாகுமா?

சின்ன, புதிய, ஒரே ஆளை நம்பிய அமைப்பு சாகலாம். வேர் பிடித்தவை சாவதில்லை. 2011 மே 2-ல் அபோட்டாபாதில் பின் லேடன் கொல்லப்பட்ட பிறகும் அல்-காய்தா இருந்தது. அடுத்த தலைவர் ஜவாஹிரி 2022 ஜூலை 31 அன்று காபூலில், அதுவும் தலிபான் ஆட்சியில், கொல்லப்பட்டார். அபோட்டாபாதில் உண்மையில் அதிகம் பயன்பட்டது, வீட்டிலிருந்து அள்ளிவந்த கணினிகளும் காகிதங்களும். ஏவுகணை போட்டிருந்தால் அவையும் எரிந்திருக்கும்.

ஐ.எஸ். விஷயத்தில் படைபலம் வென்றதே?

வென்றது. காரணம், ஐ.எஸ். ஊர்களைப் பிடித்து, வரி வசூலித்து, அரசு நடத்தியது. முகவரி இருந்தது. இராக் அரசே உதவி கேட்டதால் அந்த மண்ணில் சட்டச் சிக்கலும் இல்லை. அப்படியிருந்தும் மொசூலை மீட்க 2016 அக்டோபர் முதல் 2017 ஜூலை வரை ஆனது, பழைய நகரம் இடிபாடானது. 2019 மார்ச்சில் சிரியாவின் பாகூஸில் கடைசித் துண்டு நிலமும் போனது. நிலம் போன பிறகு மிஞ்சியது ரகசியக் குழுக்கள். அவற்றுக்கு டாங்கியால் பயனில்லை, போலீஸ் வேண்டும்.

இந்தியாவின் தாக்குதல்களை இதே கண்ணோடு பார்க்கலாமா?

பார்க்கலாம், ஒரு பெரிய வித்தியாசத்தோடு: எதிரே இருப்பது அணு ஆயுத நாடு, எல்லை வாசலிலேயே. அதனால் சொற்களுக்கும் குண்டுக்குச் சமமான எடை. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் இறந்தனர், அவர்களில் இருவர் தமிழ்நாட்டுக்காரர்கள். 26 அதிகாலை பாகிஸ்தானின் பாலகோட் மீது நடந்த விமானத் தாக்குதலை அறிவித்த வெளியுறவுச் செயலர், "ராணுவம் சாராத, முன்கூட்டிய நடவடிக்கை" என்ற பொருளில் சொன்னார். பாகிஸ்தான் ராணுவத்தைத் தாக்கவில்லை, நீங்களும் நிறுத்திக்கொள்ளலாம் என்பது அதன் உட்பொருள். பாகிஸ்தான் நிறுத்தவில்லை. மறுநாள் வான்சண்டையில் சென்னையைச் சேர்ந்த விமானி அபிநந்தன் பிடிபட்டு, மார்ச் 1-ல் திரும்பினார். அதே காலை பட்காமில் இந்திய ஹெலிகாப்டரை இந்திய ஏவுகணையே வீழ்த்தியது; ஆறு விமானப்படையினரும் தரையில் ஒருவரும் இறந்தனர். பதற்றத்தில் நம்முடையதா எதிரியுடையதா என்று பிரித்தறியும் நடைமுறை தவறினால் இப்படித்தான். பாலகோட்டில் சேதம் எவ்வளவு என்பதில் இரு நாடும் இன்றும் முரண்படுகின்றன.

படிகளைக் கவனியுங்கள். 2016-ல் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி சிறு குழுக்கள். 2019-ல் கைபர் பக்துன்க்வாவுக்குள் விமானத் தாக்குதல். 2025-ல் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு மே 7 அன்று ஒன்பது இடங்கள், அதில் பஞ்சாப் மாகாணத்தின் முரித்கேயும் பஹவல்பூரும். ஒவ்வொரு முறையும் முந்தைய படியிலிருந்து தொடங்க வேண்டிய அரசியல் கட்டாயம் வருகிறது. நான்கு நாள் மோதலை நிறுத்தியது, மே 10 பிற்பகல் 3.35-க்கு இரு ராணுவங்களின் நடவடிக்கைத் தலைமை இயக்குநர்கள் பேசிய தொலைபேசி அழைப்பு. மாலை 5 மணிக்குச் சண்டை நிறுத்தம். அந்தத் தொடர்பு சண்டை நாளிலும் அறுபடாமல் இருப்பது, இன்னொரு ஏவுகணை வாங்குவதை விட முக்கியம்.

166 பேர் இறந்த 2008 மும்பைத் தாக்குதலுக்கு இந்தியா படைபலம் பயன்படுத்தவில்லை. பயங்கரவாதத்துக்குப் போகும் பணத்தைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பான நிதி நடவடிக்கைப் பணிக்குழு (FATF) 2018 முதல் 2022 வரை பாகிஸ்தானைச் சாம்பல் பட்டியலில், அதாவது கூடுதல் கண்காணிப்பில், வைத்திருந்தது. மும்பைத் தாக்குதலின் சூத்திரதாரி என்று இந்தியா சொல்லும் ஹஃபீஸ் சயீதுக்குப் பாகிஸ்தான் நீதிமன்றம் நிதி வழக்கில் தண்டனை கொடுத்தது அந்த இடைவெளியில்தான், 2020-ல்.

அமெரிக்க நாடாளுமன்றம் இதைக் கட்டுப்படுத்துகிறதா?

தாளில் ஆம். 1973 சட்டப்படி, படையை இறக்கிய 48 மணி நேரத்தில் ஜனாதிபதி அறிக்கை தர வேண்டும். அனுமதி இல்லாவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும். ஒரு நாள் தாக்குதலுக்கு இந்தக் கடிகாரம் ஓடுவதற்குள் வேலையே முடிந்துவிடும். 2001 செப்டம்பர் 14 அன்று கீழவையில் 420-க்கு 1 என்று நிறைவேறிய, படைபலத்துக்கு அனுமதி தந்த தீர்மானத்தின் மையம் 60 சொல் கொண்ட ஒரே வாக்கியம். அதில் காலக்கெடு இல்லை, நாட்டின் பெயர் இல்லை. செப்டம்பர் 11-ன்போது பிறந்தே இராத அமைப்புகள் மீதும் அதே வாக்கியத்தைக் காட்டித் தாக்கியிருக்கிறார்கள். எதிர்த்து வாக்களித்த ஒரே உறுப்பினர் பார்பரா லீ.

தவறாகத் தாக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு உண்டா?

உரிமையாக இல்லை, மனமிருந்தால் தருவது. காபூல் குடும்பத்துக்கு இரங்கல் தொகை தருவதாக அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அறிவித்தது. குற்ற ஒப்புதல் ஆகிவிடாதபடி அந்தத் தொகைக்கு அந்தப் பெயர். அல்-ஷிஃபா உரிமையாளர் சலாஹ் இத்ரிஸின் வங்கிக் கணக்கை அமெரிக்கா முடக்கியிருந்தது. அவர் வழக்குப் போட்டதும் 1999-ல் விடுவித்தது. தொழிற்சாலைக்கான இழப்பீட்டு வழக்கு 2010 வரை நடந்தது. எங்கே குண்டு போடுவது என்பது அரசியல் முடிவு, அதை நீதிமன்றம் எடைபோட முடியாது என்று சொல்லி வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.